கயோட்டித் தோலும் நான் மாற்றிய நாலு துப்பாக்கிகளும்

தோல் வாங்கும் வியாபாரி என் முதல் கயோட்டியின் (நரிக்கும் ஓநாய்க்கும் நடுவிலான வட அமெரிக்கக் காட்டு விலங்கு) தோலைக் கையில் எடுத்ததும் ரோமத்தை வாயால் ஊதினார். மேல் ரோமம் விலகி அடியில் அடர்த்தியான சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். கழுத்தைப் பிடித்து ஒரு உதறு உதறினார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தோலைத் திருப்பி, விலாப்பக்கம் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டார். முஷ்டி முழுசாக உள்ளே போய் மறுபக்கம் வந்தது. வந்த கையை விரித்து எனக்கு டாட்டா காட்டினார்.

"எதால் சுட்டாய்?"

"243 ரைபிள்."

"அது மான் சுடுவதற்கு" என்றார். விலை எதுவும் சொல்லாமல் அடுத்த ஆளின் தோலை எடுத்துவிட்டார். அந்த அடுத்த ஆள் பள்ளிக்கூடம் படிக்கிற பையன். அவன் கொண்டு வந்திருந்த ஆறு தோல்களில் குண்டு எங்கே நுழைந்தது என்று நான் தேடிப் பார்த்தும் கண்ணுக்குப் படவில்லை.

எனக்குச் சொந்த ஊர் சேலம் மாவட்டம், வாழப்பாடிப் பக்கம். இப்போது இருப்பது அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், பிஸ்மார்க் நகரத்தில். இயந்திர உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வேலை. வேட்டைக்குப் போவது மிசௌரி ஆற்றைத் தாண்டி மேற்கே நியூ சேலம் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில். அங்கே குன்றின் மேல் 38 அடி உயரத்துக்கு ஒரு பசுமாட்டுச் சிலை நிற்கிறது. 1974இல் வைத்தது, பெயர் 'சேலம் சூ'. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் பண்ணி "சேலத்துக்குக் கிளம்பிட்டேன்" என்று சொல்வது எங்கள் வீட்டில் பழைய ஜோக்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் வங்காநரியை வலைபோட்டுப் பிடித்து, கோயிலைச் சுற்றிக் கூட்டி வந்து, திரும்பக் காட்டில் விடுகிற வழக்கம் இருந்தது. நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம், வனத்துறை விடுவதில்லை. ஊரில் நரியைத் தொட்டாலே வழக்கு. இங்கே கயோட்டிக்கு வருஷம் முழுக்க சீசன். கன்று ஈனும் மாதங்களுக்கு முன்னால் பண்ணைக்காரர்கள் கூப்பிட்டே அனுமதி கொடுக்கிறார்கள். இந்த முரண்பாட்டோடு எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் சுடுவது என்று ஆனபிறகு அந்தத் தோல் வீணாகக் கூடாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இங்கே புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயம். வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு கிடைக்கும். உரிமம் காலாவதி ஆன அன்றே விலக்கும் போய்விடும். அந்தக் கயிற்றின்மேல் நடக்க எனக்குத் தைரியம் இல்லை, கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் இந்த மாநிலத்தில் 1961க்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கட்டாயம். பன்னிரண்டு வயதுக் குழந்தைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அவர்கள் என்னைவிட நல்ல மார்க் வாங்கினார்கள்.

சரி, அந்த முஷ்டி ஓட்டை.

குளிர்காலக் கயோட்டியைத் தூரத்தில் பார்த்தால் ஓநாய் அளவுக்குத் தெரியும். அது முக்கால்வாசி ரோமம். தோலை உரித்தால் உள்ளே இருப்பது 12, 14 கிலோ எடையில் ஒல்லியான உடம்பு. நெஞ்சுக்கூட்டைப் பக்கவாட்டில் அளந்தால் அரை அடிதான் இருக்கும். அந்த அரை அடிக்குள் குண்டு தன் வேலையை முடித்துத் தானும் தீர்ந்துவிட்டால் தோலில் ஒரே ஓட்டை, அதுவும் பென்சில் நுனி அளவு. தோலைத் தொட்டதுமே உடைந்தால் நுழைந்த இடத்திலேயே குழி பறிக்கும். உடையாமல் விரிந்துகொண்டே போனால் எலும்புச் சில்லையும் சேர்த்துக்கொண்டு மறுபக்கத்தைக் கிழிக்கும். நான் இரவல் வாங்கிப்போன 243இல் இருந்தது 100 கிரெய்ன் குண்டு, அதாவது ஆறரை கிராம். மானின் தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்று செய்தது. அதன் முன்னால் கயோட்டி ஒரு காகிதம்.

இது எனக்கு அன்று புரியவில்லை. 'பெரிய துப்பாக்கி, பெரிய ஓட்டை' என்று சின்னப்பிள்ளைக் கணக்குப் போட்டு, கடையில் இருந்ததிலேயே சின்னதாக ஒன்று வாங்கினேன்: 17 எச்.எம்.ஆர். குண்டு ஒரு கிராம் சொச்சம். சத்தம் குறைவு, உதைப்பு இல்லை, தோட்டாவும் மலிவு. வாங்கிய வாரமே ஒரு பெண் கயோட்டி 140 கஜத்தில் வந்து நின்றது. மேற்கிலிருந்து சுமாரான காற்று. சுட்டேன். அது ஒரு சுற்று சுற்றித் தன் இடுப்பையே கடித்துவிட்டு ஓடியது. பனியில் ரத்தம் முதலில் சொட்டாக, அப்புறம் பத்தடிக்கு ஒரு பொட்டாக, அப்புறம் ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேரம் தேடினேன். தடம் அடுத்தவர் நிலத்து வேலிக்குள் போய்விட்டது. அவரிடம் அனுமதி வாங்கி உள்ளே போவதற்குள் இருட்டிவிட்டது.

அந்த ரகத் தோட்டாவுக்கு 100 கஜத்திலேயே பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 140 கஜத்தில் மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக்காற்று குண்டை அரை அடி தள்ளிவிடும். நெஞ்சுக்கூடே அரை அடி என்று இப்போதுதான் சொன்னேன். நெஞ்சைப் பார்த்துச் சுட்டால் வயிற்றில் படும். அந்தத் துப்பாக்கியை இப்போது முயலுக்கு மட்டும் எடுக்கிறேன். 60, 70 கஜத்துக்குள் காற்றில்லாத நாளில் அது கயோட்டியைச் சாய்க்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். காற்றில்லாத நாள் எங்கள் பக்கம் எப்போது வருகிறது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது 223. அமெரிக்காவில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கிற தோட்டா. இதில் என் தவறு துப்பாக்கியில் இல்லை, புத்திசாலித்தனத்தில். முழுக்க உலோக உறை போட்ட ராணுவ ரகக் குண்டு உடையாது, விரியாது, உள்ளே போன அளவிலேயே வெளியே வரும். ஆக இரண்டு சின்ன ஓட்டை, தைத்தால் முடிந்தது என்று எங்கேயோ கேட்டு நம்பிவிட்டேன். ஓட்டை சின்னதுதான். ஆனால் அப்படிச் சுட்ட முதல் கயோட்டி நெஞ்சில் அடி வாங்கியும் 300 கஜம் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவது முறை குறி தப்பியது. உறைந்த தரையில் பட்ட குண்டு 'வ்வ்யூங்' என்று ஓலமிட்டுக்கொண்டு எங்கேயோ போனது. எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்தத் திசையில் மாடு இல்லை என்பது என் அதிர்ஷ்டம்.

நிலத்துக்காரப் பெரியவர் வண்டியோடு வந்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டியவர், அவருடைய 22-250 துப்பாக்கி என் கல்யாணத்தைவிட மூத்தது. கோபப்படவில்லை. "இங்கே நூற்றைம்பது மாடு நிற்கிறது. தரையில் பட்டால் பொடியாகிற குண்டு மட்டும் இந்த நிலத்துக்குள் வரும். அது உனக்குச் சரிப்படுமா?" என்றார். சரிப்படும் என்றேன். அவர் கயோட்டி என்று மூன்று அசையில் சொல்லமாட்டார், 'கய்யோட்' என்று இரண்டிலேயே முடித்துவிடுவார். இங்கே பண்ணைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான்.

அன்றைக்குத்தான் காலிபரை, அதாவது துப்பாக்கிக் குழாயின் குறுக்களவைப் பார்ப்பதை விட்டுவிட்டு குண்டைப் பார்க்க ஆரம்பித்தேன். அதே 223இல் பிளாஸ்டிக் முனை வைத்த, மெல்லிய உறை போட்ட, உள்ளே போனதும் சிதறுகிற 50 கிரெய்ன் குண்டு. துப்பாக்கி அதே, தோல் வேறு மாதிரி வந்தது. அந்த சீசனில் ஒன்பது கயோட்டி. ஆறில் மறுபக்கம் ஓட்டையே இல்லை. மூன்றில் இருந்தது, பெரியதில் எலுமிச்சம்பழம் போகும். அந்த மூன்றும் பக்கவாட்டில் நின்றவை, மூன்றும் 100 கஜத்துக்குக் கிட்டே. கிட்டே என்றால் குண்டின் வேகம் அதிகம், எலும்பில் பட்டால் சேதமும் அதிகம். தூரம் கூடினால் தோல் கெடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நேர்மாறு.

அடுத்த வருஷம் 204 ரூகர் வாங்கினேன். 2004இல் வந்த தோட்டா. குண்டின் குறுக்களவு 5.2 மில்லிமீட்டர், 223இன் குண்டைவிட அரை மில்லிமீட்டர் ஒல்லி. 32 கிரெய்ன் குண்டு நொடிக்கு 4,200 அடியைத் தாண்டிப் பறக்கும், சத்தத்தின் வேகத்தைப்போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. உதைப்பு குறைவு என்பதால் சுட்ட பிறகும் ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி) கயோட்டி தெரிந்துகொண்டே இருக்கும். எங்கே பட்டது, விழுந்ததா, ஓடியதா எல்லாம் கண்ணால் பார்க்கலாம். 243இல் சுட்டபோது நான் பார்த்தது வானத்தை.

ஆனால் 32 கிரெய்னும் என்னை ஒரு தடவை கவிழ்த்தது. நல்ல ஆண் கயோட்டி, வெளுத்த நிறம், இந்தச் சமவெளித் தோலில் வியாபாரிகள் தேடுகிற சாதி. 40 கஜத்தில் வந்து நின்றது. அவ்வளவு கிட்டே வந்துவிட்டதே என்ற பரபரப்பில் தோள்பட்டை மேலேயே சுட்டேன். விழுந்த இடத்தில் அசையவில்லை. போய்ப் பார்த்தால் தோளில் ஒரு தேங்காய் மூடி அளவுக்குக் குழி. குண்டு தோள் எலும்பில் பட்டு மேற்பரப்பிலேயே வெடித்திருக்கிறது, உள்ளே போகவே இல்லை. அன்றோடு 40 கிரெய்னுக்கு மாறினேன். வேகம் 3,900 அடி, கொஞ்சம் குறைவு. எடை கூடியதால் எலும்பைக் கடந்து உள்ளே போன பிறகுதான் உடைகிறது. பக்கவாட்டில் எப்போதாவது ஒன்று வெளியே வரும், வந்தாலும் கட்டைவிரல் அளவுதான்.

17 ரெமிங்டன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1971இலிருந்து இருக்கிற தோட்டா, 25 கிரெய்ன் குண்டு. பெயரில் 17 இருந்தாலும் முன்னே சொன்ன எச்.எம்.ஆர். போல அல்ல, வேகம் நொடிக்கு 4,000 அடி. தோல் வியாபாரியிடம் கண்ட அந்தப் பையன் இதைத்தான் வைத்திருந்தான். தோல் மட்டுமே கணக்கு என்றால் இதுதான் முதலிடம், மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் குழாயை இருபது குண்டுக்கு ஒருதரம் துடைக்கிறான். இவ்வளவு ஒல்லியான குழாயில் அழுக்கு சீக்கிரம் சேர்ந்து குறி விலகும். நான் வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற ஆள். 22-250 இதற்கு எதிர்ப்பக்கம்: 300 கஜத்துக்கு மேலே காற்றில் அதுதான் ராஜா, 100 கஜத்தில் தோலுக்கு எமன். பெரியவருக்குத் தோல் வேண்டாம், கன்று பிழைத்தால் போதும். அவருக்கு அது சரியான துப்பாக்கி.

இத்தனை வாங்கி விற்ற பிறகு தெரிந்தது, பாதி விஷயம் நான் எங்கே உட்காருகிறேன் என்பதில் இருக்கிறது. முயல் கத்துகிற சத்தத்தை எழுப்பும் ஒலிபெருக்கி டப்பாவை முதலில் எனக்குப் பக்கவாட்டில் 50 கஜம் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். கயோட்டி டப்பாவை நோக்கி ஓடி வரும். எனக்கு எப்போதும் அதன் விலாதான் தெரியும். அரை அடி ஆழம், மறுபக்கம் ஓட்டை. இப்போது டப்பாவை எனக்கும் அது வரக்கூடிய பள்ளத்துக்கும் நடுவே நேர்கோட்டில் வைக்கிறேன். நேராக என்னைப் பார்த்தே வரும். வாயால் ஒரு 'வுஃப்' கொடுத்தால் நின்று தலையைத் தூக்கும். அப்போது தொண்டைக்குக் கீழே நெஞ்சு நடுவில் சுட்டால் குண்டுக்கு முன்னால் இருப்பது உடம்பின் முழு நீளம். எந்தக் காலிபரும் அதைத் தாண்டி வெளியே வருவது அபூர்வம். பக்கவாட்டில்தான் நிற்கிறது என்றால் முன்னங்காலுக்கு ஒட்டினாற்போல் பின்னால், எலும்பு இல்லாத விலாவில். சாய்ந்து நின்றால் காத்திருக்கிறேன். காத்திருந்ததில் சில கயோட்டி போயே போய்விட்டன. காற்று போகிற பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிப்பதில் அதற்கு நிகர் இல்லை.

200 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். 40 கிரெய்ன் குண்டு 100 கஜத்தில் ஒரு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைத் திருகி வைத்தால், 200 வரைக்கும் நேராகக் குறி வைத்துச் சுட்டுவிடலாம், கணக்குப் போட வேண்டாம். அங்கேயும் 10 மைல் காற்று மூன்று அங்குலத்துக்கு மேல் தள்ளும். பல்லி மாதிரிப் பனியில் ஒட்டிக்கொண்டு, மைனஸ் இருபது டிகிரியில், கையுறைக்குள் விரல் மரத்துப் போயிருக்கும்போது கணக்குப் போட எனக்கு வராது. இன்னொன்று: துப்பாக்கியை இடையில் வீட்டுக்குள்ளோ சூடான வண்டிக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். ஸ்கோப்பில் வியர்த்து, வெளியே வந்ததும் உறைந்துவிடும். நான் வண்டியின் பின்பக்கத்தில் போட்டுவைக்கிறேன், உறையோடு.

சுட்ட பிறகு நடப்பதிலும் தோல் கெடும், அதை யாரும் பேசுவதில்லை. உடம்புச் சூடு ஆறுவதற்குள் உரித்துவிட வேண்டும். பின்னங்கால் மூட்டிலிருந்து மூட்டுக்கு ஒரே கீறல், வாலெலும்பை உருவி எடுத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு பனியன் கழற்றுவதுபோல் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஊரில் கிடா வெட்டும்போது வேப்பமரத்தில் தொங்கவிட்டு உரிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த கண்ணுக்கு இது புதுசு இல்லை. கத்தி பட்ட ஆட்டுத்தோலுக்கு விலையைக் குறைக்கும் தோல் பாயிடம் என் பெரியப்பா தகராறு பண்ணுவார். அந்தத் தகராறுதான் எனக்குப் பாடம். கத்தியைவிட முஷ்டியால் தள்ளிப் பிரிப்பதே நல்லது.

ரத்தக்கறையைக் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுத்ததும், தோல் காய்வதற்கு முன்பே ஓட்டையைத் தைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு தைத்தால் கிழியும். மெழுகு நூல், தோல் பக்கத்திலிருந்து நெருக்கமான தையல், ரோமம் நூலுக்குள் மாட்டாமல் ஊசி முனையால் விலக்கிவிட்டு. நான் கராஜில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருந்தபோது மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அது என் பிளவுஸ் ஊசியா?"

"இல்லம்மா, புதுசு."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இவ்வளவு தள்ளித் தள்ளித் தைச்சா இழுக்கும்போது வாய் பிளக்கும். கிட்டக் கிட்டப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். தொட மாட்டார். ஆனால் தப்பாகத் தைப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. அவர் சொன்னபடி தைத்த தோலில் வியாபாரி தையலைக் கண்டுபிடிக்க விரலால் தடவ வேண்டியிருந்தது.

பிறகு தோலின் உட்பக்கம் வெளியே தெரிய பலகையில் மாட்டி, பாதி காய்ந்து இன்னும் வளைகிற பதத்தில் இருக்கும்போதே ரோமம் வெளியே வரத் திருப்பி மாட்ட வேண்டும். ஒரு ராத்திரி தாமதித்தாலும் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். எனக்கு இரண்டு அப்படிப் போனது. டிசம்பர் முதல் ஜனவரி முடிய ரோமம் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி நடுவுக்கு மேல் தோளிலும் இடுப்பிலும் தேய ஆரம்பித்துவிடும். சொறி பிடித்ததை எடுத்து வராதீர்கள், ஒரு பைசா பெறாது, உங்கள் நாய்க்கும் தொற்றும்.

பணத்துக்காக இதில் யாரும் இறங்க வேண்டாம். கயோட்டி ரோமத்தைக் குளிர்கோட்டுத் தொப்பி ஓரத்தில் வைத்துத் தைக்கிற ஃபேஷன் இருந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து நல்ல தோல் 100 டாலரைத் தாண்டி விற்றது. அந்தக் கோட்டுகளால் பேர்பெற்ற கனடா கூஸ் 2021இல், அந்த வருஷக் கடைசியோடு ரோமம் வாங்குவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. அந்தப் பழைய விலை திரும்பவில்லை. தோட்டா, பெட்ரோல், பதனிடும் கூலி எல்லாம் கழித்தால் எனக்கு மிஞ்சுவது வியாபாரியின் கடையில் தரும் ஓசிக் காப்பி. நல்லதாக வருபவற்றில் இரண்டைப் பதனிட்டு வைத்துக்கொள்கிறேன். போன வருஷம் ஒன்றில் எனக்கே ஒரு தொப்பி ஆயிற்று.

'ஒரே துப்பாக்கி வாங்கப் போகிறேன், எது?' என்று கேட்டால் நான் 204 என்று சொல்லமாட்டேன். 223 வாங்குங்கள். சிதறுகிற ரகத்தில் 40, 50 கிரெய்ன் குண்டு நாலைந்து பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் துப்பாக்கிக் குழாயில் எது நெருக்கமாக ஒரே இடத்தில் படுகிறது என்று காகிதத்தில் பாருங்கள். 204 தோலுக்கு ஒரு படி மேல்தான். ஆனால் எங்கள் ஊர்க் கடை அலமாரியில் 223 கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். 204 இருக்க வேண்டிய இடத்தில் விலைச்சீட்டு மட்டும் தொங்கும். என்னிடம் இப்போது 40 கிரெய்ன் தோட்டா ஒன்றரைப் பெட்டி இருக்கிறது, முப்பது. ஜனவரிக்கு அது போதும், நான் காகிதத்தில் சுட்டுத் தீர்க்காமல் இருந்தால்.